மூன்று போனில் ஒரே டோக்கன்

"...எழுத்துதான் தம்பி எனக்குத் தெரியாது, நம்பரு தெரியும். ஏலத்துல நின்னு நின்னு கண்ணுக்குப் பழகுனது. மூணு போனுலயும் ஒரே நம்பரு நிக்கிது பாருங்க. இது பொய்யின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்? அத மட்டும் சொல்லுங்க."

கடலோரத்து மண்டபத்தூரிலிருந்து எங்கள் தலத்தெருவுக்கு மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா, என் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் மூன்று போன்களை வரிசையாக வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. மீன் கூடையை வாசல்படியில் இறக்கி வைத்திருந்தார். ஒரு போன் அவருடையது. இன்னொன்று அவருடைய சின்ன நாத்தனாருடையது. மூன்றாவது அடுத்த வீட்டுக்காரியுடையது. அந்த இரண்டு பேரும் கடைக்குள் வரவில்லை. எதிரே மினி பஸ் நிற்கிற இடத்தில், இந்தப் பக்கமே திரும்பாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் மூன்று போன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தச் செய்தியை முதன்முறை பார்க்கிறவனைப் போலப் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன். அந்தப் புருவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் கடை அப்போது எஸ்.டி.டி. பூத்தாகவும் இல்லை, செல்போன் கடையாகவும் முழுசாக மாறவில்லை. பேசுவதற்கென்று இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் பழைய நாற்காலியும் குடையும் கிடந்தன. சிம் கார்டு, ரீசார்ஜ் கூப்பன், சார்ஜர் என்று வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் பத்தாவது தவறியவன். இங்கிலீஷை மருந்துப் பெட்டியிலும் போன் டப்பாவுக்குள் வரும் சின்னப் புத்தகத்திலும் பொட்டலம் மடித்து வந்த பேப்பரிலும் படித்துக்கொண்டேன். பாதி புரியும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். நிரப்பியது தெரியாமல் நிரப்பத் தெரியும். அதுதான் என் படிப்பு.

புதிதாகப் போன் வாங்கியவர்கள் எல்லாம் மெசேஜ் வந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கும் அது பிடிக்கும். மெசேஜை விட அவர்கள் பேச்சு பிடிக்கும். பேட்டரி தீர்ந்து பீப் பீப் என்றால் மீன்கார அக்கா, "அழுவுது தம்பி, பால் குடுங்க" என்று சார்ஜில் போடச் சொல்வார். மிஸ்டு கால் கொடுப்பதை ஓர் ஆட்டோக்காரர், "கூப்புட்டுட்டு ஒளிஞ்சிக்கிறானுவ" என்பார். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்வேன். மனிதர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்குகிறவன் என்று எனக்கு ஒரு பெருமை.

நான் படித்துச் சொன்னதற்குக் கூலியை அக்கா மீனாகக் கொடுப்பார். நாலு மத்தி, இல்லையென்றால் ஒரு கை சென்னாங்குன்னி என்கிற பொடி இறால். பேப்பரில் சுருட்டிக் கண்ணாடிப் பெட்டி ஓரம் வைத்துவிட்டு, "இங்கிலீசுத் தம்பிக்கு" என்பார். அந்தப் பெயர் கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. கேட்டால் நெஞ்சு ஒரு விரற்கடை அகலமாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்து போய் அப்போது இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கடல் போன பிறகு நிவாரணம் வந்தது. முகம் தெரியாதவர்கள், பேச்சுப் புரியாதவர்கள், எங்கிருந்தோ வந்து அடுப்பு கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள், சிலருக்குப் படகே கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் டோக்கன். அந்த மாதங்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்ட்டீங்களா" இல்லை, "டோக்கன் வந்துருச்சா" என்பதுதான் விசாரிப்பு. நம்பர் போட்ட துண்டுச் சீட்டு கையில் இருந்தால் பொருள் ஒரு மாதம் தள்ளியாவது வந்துவிடும். இல்லாதவர் அழுதாலும் கிடைக்காது. ஒருத்தி அதைத் தாலிக் கயிற்றில் முடிந்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் விண்ணப்பம் நிரப்பியவன் நான். மனு எழுதியவன் நான்.

அதனால், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் உனக்கு எதற்கு வாரிக் கொடுக்கப் போகிறான் என்று வேறு ஊரில் கேட்கலாம். எங்கள் பக்கம் அந்தக் கேள்வி எழாது. கொடுத்தானே. வாங்கின அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததே.

ஒரு திங்கட்கிழமை அக்கா போனை நீட்டினார். "துபாய்லேருந்து மவன் போட்டானான்னு பாருங்க தம்பி."

மகன் போடவில்லை. நீளமான இங்கிலீஷ் மெசேஜ். உங்கள் கைபேசி எண் வெளிநாட்டு உதவி நிதி ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, உடனே பெயரும் ஊரும் அனுப்புங்கள், இதை இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது சாரம். கீழே ஒரு தொகை, படிக்கவே மூச்சு முட்டுகிற தொகை. அதற்கும் கீழே 'ரெஃப் நம்பர்' என்று போட்டு ஏழு இலக்கம்.

ரெஃப் நம்பர் என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வழக்கம்போல நிரப்பினேன்.

"டோக்கன் நம்பர் போட்டிருக்கு அக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. இருந்தாலும் அவர் ஏலத்தில் மீன் எடுக்கிறவர், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன்.

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னா போட்டிருக்கு?"

"ஆமாக்கா."

"அது எப்புடி? குடுக்குறவன் ரகசியமாவா குடுப்பான்? அன்னிக்கு மைக் வச்சு, பந்தல் போட்டு, போட்டோ புடிச்சுல்ல குடுத்தானுவ?"

எவ்வளவு சரியான கேள்வி! இந்த மாதிரி மெசேஜைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெளிநாட்டுல அப்படித்தான் அக்கா. பாதுகாப்புக்காகச் சொல்லுவாங்க."

"நீங்க சொன்னா சரி."

பெயரும் ஊரும் நானே அடித்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. லைன் செலவுக்காக இரண்டு ரீசார்ஜ் கூப்பனின் இரகசிய எண்களை அனுப்ப வேண்டுமாம். கூப்பனில் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் உள்ளே நம்பர் இருக்கும். அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவருடைய போனில் காசு ஏறிவிடும். அது எனக்குத் தெரியும், தினமும் விற்பவன். ஆனால் நிவாரணத்துக்கும் அலைந்தோமே, போட்டோ எடு, நகல் எடு, ஸ்டாம்ப் ஒட்டு என்று. இதுவும் அந்த மாதிரி ஒரு சின்னச் செலவு என்றே நினைத்தேன். அக்காவிடம் காசு வாங்கி, நூறு ரூபாய்க் கூப்பன் இரண்டை எடுத்து, எட்டணாக் காசால் சுரண்டி, நம்பரை அனுப்பினேன். ஒவ்வொரு கூப்பனுக்கும் எனக்குக் கமிஷன் உண்டு. இதுவரைக்கும் நான் முட்டாள். முட்டாளாக இருந்ததற்கு வெட்கப்பட்டிருக்கிறேன், ஆனால் அந்த வெட்கம் ஆறிவிட்டது. ஆறாதது இனிமேல் வருவது.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் போன் ஒலித்தது. அதே மெசேஜ். அதே உதவி நிதி, அதே தொகை. கீழே ரெஃப் நம்பர். அக்காவுக்கு வந்த ரெஃப் நம்பரைக் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தேன், அவர் பேச்சுக்குப் பக்கத்திலேயே. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு இலக்கமும் ஒன்று.

நிவாரண வரிசையில் நின்ற யாருக்கும் இது தெரியும். ஒரு டோக்கன் ஓர் ஆளுக்கு. ஒரே நம்பரோடு இரண்டு பேர் வந்து நின்றால் ஒருவர் கையில் இருப்பது கள்ளச் சீட்டு. எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்தது கள்ளச் சீட்டு.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் சந்தேகம் அது இது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முழுசாகத் தெரிந்தது. மெசேஜை அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். போன், 'அழிக்கவா?' என்று கேட்டது. அழித்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போன் கடைக்காரன் நான். ஆனால் சொன்னால் இங்கிலீசுத் தம்பி என்ன ஆவான்? "படிக்கத் தெரியாமத்தான் இத்தன நாளு படிச்சானா" என்று மீன் கடையில் ஆரம்பித்துப் பூக்கடை வரை போகும். நாளைக்கு அக்கா தனியாக வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்குவமாக என்ற சொல்லை நான் அதிலிருந்து நம்புவதில்லை.

வியாழக்கிழமை அக்கா தனியாக வரவில்லை.

"இவுங்களுக்கும் வந்துருச்சு தம்பி!" வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தார். பின்னால் நாத்தனாரும் அடுத்த வீட்டுக்காரியும். "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னா மண்டபத்தூருல ரெண்டு பேருக்குத்தான் சொல்லணும்னு அர்த்தம். சொன்னேன். பாத்தா, இவுங்க போனுலயும் வந்து நிக்கிது!"

வராமல் என்ன? மூன்று பேரும் என் கடையில் ஒரே நாளில் சிம் வாங்கியவர்கள். ஒரே அட்டைக் கட்டிலிருந்து அடுத்தடுத்துக் கிழித்துக் கொடுத்த சிம்கள். என்னுடையதும் அதில் ஒன்று. மெசேஜ் அனுப்பியவன் அந்தக் கட்டு எண்களுக்கெல்லாம் முன்னும் பின்னுமாக அனுப்பியிருக்கிறான்.

அடுத்த வீட்டுக்காரி கொஞ்சம் விவரமானவர். போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நெசந்தானா தம்பி? நாங்க உங்கள நம்பித்தான் வந்துருக்கோம்."

உண்மையைச் சொல்லக் கதவு திறந்து கிடந்தது. ஒரு வார்த்தை போதும். நாத்தனார் சிரித்துக்கொண்டே, "டோக்கன் வாங்குனப்ப எனக்கு அடுப்புதான் குடுத்தானுவ, இவளுக்கு வலை குடுத்தானுவ. இந்தத் தடவையாவது எல்லாருக்கும் ஒண்ணா குடுக்குறானே" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. அவர் கண்டுபிடித்த தம்பி நான்.

"அனுப்பிப் பாக்கலாம்" என்றேன்.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இவ்வளவு சாமர்த்தியமான பதிலை யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா என்று எனக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் கூப்பன் கொடுத்தேன். சுரண்டிக் கொடுத்தேன். நம்பரை அனுப்பிக் கொடுத்தேன். அவர்கள் போன்கள் என் கையில் இருந்தபோது ரெஃப் நம்பர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சுரண்டி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அக்கா அன்றைக்கு மத்தி வைக்கவில்லை. நாலு துண்டு வஞ்சிரம் வைத்தார். "இன்னிக்கு இதுதான்" என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ருசி தெரியவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் கேட்பார். "ஏதாச்சும் போட்டானா?" "வரும்க்கா." மறுநாளும், "வரும்க்கா." அந்த எண்ணுக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "சிம் கம்பெனிக்குப் போட்டுக் கேளுங்களேன் தம்பி, இந்த மாதிரி ஒரு நம்பருலேருந்து வந்துருக்குன்னு" என்றார் ஒரு நாள். "போட்டேன் அக்கா, லைன் கெடைக்கல" என்றேன். நான் போடவே இல்லை. இன்னொரு நாள், "ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து வைப்பமா?" என்றார். "எழுதி என்ன ஆவப் போவுது, சும்மா அலைய வுடுவாங்க" என்றேன். தெருவில் குழாய் வராததற்கும் மனு எழுதியவன் சொன்ன பதில் இது. மனு எழுதினால் கூப்பனை விற்றது யார், சுரண்டியது யார் என்று எழுத வேண்டி வரும். பேனா பிடிக்கிறவனுக்கு அது முதல் வரியிலேயே தெரியும்.

அந்த மனுவை நாங்கள் கடைசியில் கொடுத்தோம், நால்வருமாகப் போய். போன காசு திரும்பவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இருந்தவர் மெசேஜ் வந்த எண்ணைக் குறித்துக்கொண்டார், கம்பெனிக்கும் நானே பேசி எண்ணைச் சொன்னேன். இந்த முறை லைன் கிடைத்தது. இன்றைக்கும் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னமோ வந்துருக்கு, பாருங்க" என்றால், முதலில் நான் தேடுவது அக்கா அன்றைக்குக் கேட்ட அந்த மைக்கைத்தான். இரகசியம் என்று சொல்கிறானா, அவசரம் என்று சொல்கிறானா, கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறானா. அதற்குப் பிறகு என் போனைத் திறந்து, எனக்கும் அது வந்திருந்தால், வந்த அன்றைக்கே எல்லோருக்கும் காட்டுகிறேன். அழிப்பதில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. மூன்று போன்களும் கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த அந்தக் காலைக்கு வருகிறேன்.

"எப்பத் தெரியும்?" என்று அக்கா மறுபடி கேட்டார்.

"இப்பத்தான் அக்கா. நீங்க காட்டுனப்பதான்."

அவர் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஏலத்தில் யாராவது பழைய மீனைப் புதுசென்று சொல்லும்போது அக்கா தலையாட்டுவாரே, அந்த ஆட்டம்.

"அப்புடியா. உங்க போனுக்கு வரலையா? எல்லா சிம்மையும் ஒரே கட்டுலேருந்துதான கிழிச்சீங்க. எனக்கு முந்துன நம்பரு உங்களுது. நீங்கதான் சொன்னீங்க, நம்ம ரெண்டு பேரும் அடுத்தடுத்த வூடுன்னு."

சொல்லியிருந்தேன். வேடிக்கைக்காகச் சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

அக்கா வெளியே கை காட்டினார். "அங்க நிக்கிறாளுவளே, ஏன் உள்ள வரலைன்னு கேளுங்க. ஒன் பங்காளி கடையில நாங்க கால் வைக்க மாட்டோங்குறாளுவ. நீங்க கூப்பனு வித்த காசுல எனக்குப் பங்கு உண்டாம். அதுக்குத்தான் அவளுவள நான் கூட்டிக்கிட்டு வந்தேனாம். நாத்தனா நாலு நாளா என் வூட்டுல தண்ணி குடிக்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "காசு போனத நான் கேக்கல தம்பி. கடல் வூட்டையே தூக்கிட்டுப் போனதப் பாத்தவ நான். ஆனா ஆள் புடிச்சு வுட்டவன்னு பேரு எடுத்துட்டு, நாளைக்கு அந்தத் தெருவுல எப்புடிக் கூடையத் தூக்கிட்டு நடப்பேன்? அதான் கேக்குறேன். நான் அவளுவள இங்க கூட்டிட்டு வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

என் பெயரைக் காப்பாற்ற நான் வாயை மூடியிருந்த அத்தனை நாளும், அவர் பெயர் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அது என் மூளைக்கு எட்டவே இல்லை. மனிதர்கள் பேச்சைப் பொறுக்கி எழுதி வைக்கிறவனுக்கு, அக்காவைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பது மட்டும் காதில் விழவில்லை.

"தெரியும் அக்கா" என்றேன். "புதன்கிழமையே தெரியும். எனக்கும் அதே நம்பர் வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"புதன்கெழமையா?"

"ஆமாக்கா."

"நாங்க வந்தது வியாழக்கெழம."

"ஆமா."

"அப்ப, அன்னிக்கு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்."

"ஆமாக்கா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

ஏலத்தில் கடைசி விலையை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வது போல அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். மூன்று போன்களையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். கடை ஓரத்தில் இருந்த என் தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டி மேல் நகர்த்தி என் முன்னால் வைத்தார்.

"குடிங்க. கொரலே வெளிய வரல உங்களுக்கு. அவளுவ காதுல வுழணும்ல?"

நான் குடித்தேன். அக்கா வாசல்படியில் இறங்கி, கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளி வழி விட்டார். பிறகு தெருக்கோடி வரைக்கும் மீன் விற்கிற அந்தக் குரலில், மினி பஸ் நிற்கிற பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்:

"ஏய், ரெண்டு பேரும் இங்க வாங்கடி! தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்!"